மேர்சென் பாதிரியார் பட்டியலில் அறுபத்தேழு

இந்த முறை ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது இதுதான்:

147573952589676412927

இருபத்தோரு இலக்கம். நம் வழக்கப்படி வாசித்தால் 14 லட்சத்து 75 ஆயிரத்து 739 கோடி கோடியே, 52 லட்சத்து 58 ஆயிரத்து 967 கோடியே, 64 லட்சத்து 12 ஆயிரத்து 927. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எனக்கு வாய் தானாக "147 த்ரில்லியோன்" என்று தொடங்கும். அமெரிக்கர் இதையே 147 குவின்டில்லியன் என்பார்கள். ஆளுக்கொரு பெயர், எண் என்னவோ ஒன்றுதான்.

67 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, வந்ததிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். என் கணினியில் சிறு எண்ணைத் தலைக்கு மேல் ஏற்றத் தெரியவில்லை, ஆகவே 2^67 − 1 என்று போடுகிறேன். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று வைத்துக்கொண்டே போன கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டத்துக்கும் சேர்த்து 2^64 − 1 நெல். நம் எண் அப்படிப்பட்ட எட்டுப் பலகை நெல்லும், மேற்கொண்டு ஏழு மணியும்.

இந்த எண் பகா எண்ணா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாததா? ஆமாம் என்று 1644-இல் பாரிஸில் ஒரு பாதிரியார் அச்சில் போட்டார். இல்லை என்று தெரிய 232 வருடம் ஆயிற்று. எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று தெரிய இன்னொரு 27 வருடம்.

பாதிரியார் பெயர் மரேன் மேர்சென். 1588-இல் பிறந்தவர், மினிம் சபைத் துறவி. பாரிஸில் பிளாஸ் ரோயால் பக்கத்து மடத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் விஞ்ஞானப் பத்திரிகை என்று ஒன்றும் கிடையாது. தெக்கார்த், ஃபெர்மா, இத்தாலியின் தோரிச்செல்லி எல்லோரும் இவருக்குக் கடிதம் எழுதுவார்கள். இவர் ஒருவர் கேள்வியை இன்னொருவருக்கு அனுப்புவார், பதில் வந்தால் மூன்றாமவருக்குத் தெரிவிப்பார். எங்கள் அலுவலக பாஷையில் சொன்னால் ஐரோப்பா முழுவதுக்கும் உள்வரும் தபால், வெளிச்செல்லும் தபால் இரண்டு பதிவேட்டையும் ஒருவரே வைத்திருந்தார். சம்பளம் இல்லாத வேலை.

இந்த வகை எண்களின் மேல் அவருக்கு ஏன் அக்கறை என்றால், நிறைவெண்கள் காரணம். 28-ஐ எடுங்கள். அதை வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 4, 7, 14. கூட்டினால் மறுபடி 28. 6-ம் அப்படியே. யூக்ளிட் காலத்திலேயே வழி தெரியும்: 2^3 − 1 = 7 பகா எண் என்றால் 4-ஐயும் 7-ஐயும் பெருக்கினால் நிறைவெண். ஆக, இரண்டின் எந்த அடுக்கில் ஒன்று குறைத்தால் பகா எண் வருகிறது என்று தெரிந்தால் போதும். அடுக்கு எண் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான், 2^11 − 1 = 2047 என்பதோ 23 × 89.

1644-இல் வெளியான தன் லத்தீன் நூலின் முன்னுரையில் மேர்சென் ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரைக்கும் தேறும் அடுக்குகள் இவைதான் என்றார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதற்குள் அடங்காத மற்றவை எல்லாம் பகு எண்கள். 257 வரை 55 பகா எண்கள் உண்டு. பதினொன்றைத் தேர்ச்சி என்றும் நாற்பத்து நான்கைத் தோல்வி என்றும் ஒரே வரியில் அறிவித்துவிட்டார். எப்படிக் கண்டார் என்று ஒரு சொல் இல்லை. 15, 20 இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று சோதிக்க எவ்வளவு காலம் கொடுத்தாலும் போதாது என்றும் அவரேதான் எழுதியிருக்கிறார்! 257-ஆம் அடுக்கு வரும்போது எண் 78 இலக்கம்.

சும்மா அடித்துவிட்டார் என்று சொல்வது அநியாயம். ஃபெர்மாவின் கடிதங்கள் அவர் கையில் இருந்தன. ஃபெர்மா தூலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் கவுன்சிலர், நம்மைப் போல அரசாங்க உத்தியோகம். கணக்கு ஓய்வுநேரத்து வேலை. 1640-இல் அவர் கண்டுபிடித்த விதி அழகானது. அடுக்கு p பகா எண் என்றால், 2^p − 1-ஐ வகுக்கும் எந்த எண்ணும் 2p-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில்தான் இருக்கும். போலோஞ்ஞாவைச் சேர்ந்த கத்தால்தி என்பவர் 1603-இல் 37 தேறும் என்று எழுதியிருந்தார். ஃபெர்மா விதிப்படி 37-க்கு 74-இன் மடங்கோடு ஒன்று. 75 பகா எண் இல்லை, தள்ளு. 149, வகுபடவில்லை. 223, வகுபட்டது! 137438953471 = 223 × 616318177. பன்னிரண்டு இலக்க எண்ணை இரண்டே வகுத்தலில் உடைத்துவிட்டார். மேர்சென் பட்டியலில் 37 இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. 31-ஐ மட்டும் 1772-இல் ஆய்லர் சரி என்று நிரூபித்தார். மற்றபடி பட்டியல் இரு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நூலிலிருந்து நூலுக்குப் போயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு கிடந்தவனுக்கு இது புதிதல்ல. பெரியவர் கையெழுத்துப் போட்ட இணைப்புப் பட்டியலைக் கீழே யாரும் திறந்து கூட்டிப் பார்ப்பதில்லை, "மேலே உள்ளபடி" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மேர்சென் பெயருக்கு அப்படி ஒரு மரியாதை.

இன்னொரு வாதமும் உண்டு. அவர் எழுதியது 61, அச்சுக் கோப்பவர் 67 என்று கோத்துவிட்டார் என்பார்கள். 2^61 − 1 உண்மையிலேயே பகா எண், ஆனால் பட்டியலில் அது இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று பிடிக்கும். அங்கே 1 எழுதும்போது தலையில் நீளமாக ஒரு கோடு இழுப்போம். அது 7 போலத் தெரியும் என்பதால்தான் 7-இன் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடச் சொல்வார்கள். ஆனால் 89, 107 இரண்டையும்கூடப் பட்டியலில் காணோம், 257-ம் தவறு. எல்லாவற்றையும் அச்சுக் கோப்பவர் தலையில் கட்ட முடியாது.

பட்டியலைக் கடைசியில் திறந்து கூட்டிப் பார்த்தவர் எதுவார் லூக்கா. ஆங்கிலம் படித்தவர்கள் லூகாஸ் என்று படிப்பார்கள். பிரெஞ்சில் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவோம், ஆகவே நமக்கு பைபிளில் வரும் அதே லூக்கா. 1842-இல் அமியேனில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். 1870-இல் பிரஷ்யாவோடு நடந்த போரில் பீரங்கிப் படை அதிகாரி. பிறகு கடைசிவரை லிசேயில் கணக்கு வாத்தியார்.

அவர் கண்ட சோதனைதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. பிற்பாடு லேமர் என்ற அமெரிக்கர் சுருக்கிக் கொடுத்த வடிவில் சொல்கிறேன். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கம், மறுபடி 2 கழிவு. அடுக்கு எண்ணை விட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி பூஜ்யம் என்றால் பகா எண். இல்லையென்றால் பகு எண்.

31-ஐப் பார்ப்போம். அது 2^5 − 1, ஆகவே மூன்று தடவை. 4-இலிருந்து 14. அதிலிருந்து 194, 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இன் வர்க்கம் 64, இரண்டு போனால் 62, மீதி பூஜ்யம். தேறியது. 2047-க்கு ஒன்பது தடவை. ஒரு தாளில் போட்டேன்: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் பூஜ்யம் இல்லை, ஆகவே பகு எண். இந்த வரிசையில் 23 எங்கே, 89 எங்கே என்று தேடிப் பாருங்கள். இருக்காது. எண் உடைகிறது என்று சோதனை திட்டவட்டமாகச் சொல்கிறது. எங்கே உடைகிறது என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. திருட்டு நடந்தது நிரூபணமாகிவிட்டது, திருடன் யார் என்று தெரியவில்லை என்பது மாதிரி.

1876-இல், 34 வயதில், லூக்கா இந்த வழியில் இரண்டு முடிவு சொன்னார். 2^127 − 1 பகா எண். அது 39 இலக்கம்: 170141183460469231731687303715884105727. அதன்பின் 1951 வரை, 75 வருடம், இதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. இயந்திரத் துணையில்லாமல் கையால் கண்டதில் இன்றைக்கும் இதுதான் பெரியது. இரண்டாவது முடிவு, 2^67 − 1 பகா எண் இல்லை. மேர்சென் பட்டியலில் முதல் ஓட்டை விழுந்தது அப்போதுதான்.

லூக்காவைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. மூன்று கம்பு, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிய வட்டுகள், ஒவ்வொன்றாக நகர்த்தி வேறு கம்பில் சேர்க்க வேண்டும். ஹனாய் கோபுரம் என்பார்கள். 1883-இல் அவர் விற்பனைக்கு விட்ட விளையாட்டு அது. பெட்டியின் மேல் தன் பெயரைப் போடாமல், லி-சூ-ஸ்தியான் கல்லூரியின் மாந்தரேன், சியாமின் நி. கிளோஸ் என்று போட்டார். எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் சேன்-லூயி கல்லூரி, அமியேனின் லூக்கா. பிரெஞ்சுப் படை தோங்க்கினைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், ஹனாய் பெயர் பத்திரிகையில் தினமும் அடிபட்டது. சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போன புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் வீட்டுப் பெயர்கள். காசிக் கோயிலில் 64 தங்க வட்டுகளைப் பிராமணர்கள் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்று ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். காசியில் அப்படி ஒன்றும் கிடையாது. 64 வட்டுக்குத் தேவையான நகர்த்தல் 2^64 − 1, நம் சதுரங்கப் பலகை நெல் எண்ணிக்கையேதான்.

அவர் முடிவு கேட்கச் சங்கடமானது. 1891-இல் மார்செய் நகரில் விஞ்ஞான மாநாடு. விருந்தில் பரிமாறுகிறவர் கைதவறித் தட்டைப் போட்டுவிட, உடைந்த சில்லு ஒன்று லூக்காவின் கன்னத்தைக் கிழித்தது. காயம் சீழ்பிடித்துச் சில நாளில் போய்விட்டார். வயது 49.

இனி அமெரிக்கா. 1903 அக்டோபர் 31, சனிக்கிழமை, நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். சங்கத்தின் செயலாளரும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஃபிராங்க் நெல்சன் கோல், பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டும். எழுந்து போனார், பேசவில்லை. கரும்பலகையில் இரண்டின் 67-ஆம் அடுக்கைப் போட்டு, ஒன்றைக் கழித்தார். வேறு பக்கம் நகர்ந்து,

193707721 × 761838257287

என்று எழுதி, வரிசை வரிசையாகப் பெருக்கிக் கூட்டினார். இரண்டு விடையும் ஒன்று. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் பேசாமலே போய் உட்கார்ந்தார். சபை கைதட்டியது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதைக் காண எவ்வளவு காலம் ஆயிற்று என்று பிற்பாடு கேட்டபோது, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம்.

கதையைச் சொன்னவர் எ. த. பெல், 1951-இல் வந்த தன் நூலில். அவர் கோலிடம் கொலம்பியாவில் படித்தவர்தான், ஆனால் அந்தச் சபையில் இருந்தவர் அல்ல. கணித மேதைகள் வாழ்க்கையைச் சுவைபட எழுதுவதில் மன்னர்; சுவைக்காக உப்பு காரம் சேர்ப்பார் என்றும் பெயர். மௌனத்தை நான் நம்புகிறேன். பெருக்கிக் காட்டிவிட்டால் பேச என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை மட்டும் சரிபார்த்தேன்.

ஃபெர்மா விதிப்படி 67-க்கு 134-இன் மடங்கோடு ஒன்று. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்று இன்னொரு விதியும் உண்டு, அது பாதியைத் தள்ளிவிடும். 193707721 என்பது 134 × 1445580 + 1. அப்படியானால் வரிசையாக வகுத்துக்கொண்டு போனால் அது 7,22,790-ஆவது எண். 21 இலக்க எண்ணைக் கையால் வகுக்கப் பத்து நிமிடம், ஞாயிறுதோறும் எட்டு மணி நேரம் என்று வைத்தால் சுமார் 290 வருடம். வெளிப்படையாகவே பகு எண்களாக இருப்பவற்றைத் தள்ளி ஐந்தில் ஒன்றுதான் மிஞ்சும் என்று தாராளமாக விட்டாலும் 58 வருடம். மூன்று வருட ஞாயிறு என்றால் 156 நாள்தான். ஆக, கோல் மாடுபோல வகுத்துக்கொண்டிருக்கவில்லை. வர்க்க மீதிகளைக் கொண்டு சலித்தார். இப்படி ஒரு மீதியைக் கண்டுபிடித்தால் காரணியாக இருக்கக்கூடிய எண்களில் ஏறக்குறையப் பாதி விழுந்துவிடும். அடுத்த மீதி மிஞ்சியதில் பாதியைத் தள்ளும். இருபது மீதி சேர்ந்தால் பத்து லட்சத்தில் ஒன்றுதான் நிற்கும். கைதட்டல் பெருக்கலுக்குக் கிடைத்தது. பெருக்கல் அரை மணி வேலை. சலிப்புதான் மூன்று வருடம்.

அந்தப் பெருக்கலை நானும் தாளில் போட்டேன். சரிபார்க்க எங்கள் பள்ளியில் "ப்ரூவ் பார் நெஃப்" என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள், ஒன்பதால் சோதிப்பது. பெரிய பெருக்கல் குறி மாதிரி ஒரு சிலுவை வரைய வேண்டும். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அது 10, அது 1; மேலே எழுது. இரண்டாவது 64, அது 10, அது 1, கீழே எழுது. ஒன்றும் ஒன்றும் பெருக்கி இடது பக்கம் 1. பெரிய எண்ணின் இலக்கக் கூட்டல் 109, அது 10, அது 1, வலது பக்கம். இடதும் வலதும் ஒத்துப்போயிற்று.

ஆனால் ஒன்பதை முழுதாக நம்பக் கூடாது. கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும், பேரேட்டில் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவோம். இலக்கம் இடம் மாறினால் ஒன்பதின் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பதினொன்று வேண்டும். வலக்கோடியிலிருந்து ஒரு இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்து வந்தால், முதல் எண்ணுக்குப் பதினொன்றின் மீதி 9, இரண்டாவதற்கு 8. பெருக்கம் 72, மீதி 6. பெரிய எண்ணுக்கு 17, மீதி 6. அதுவும் சரி.

பகா எண்ணா என்று சொல்வது சுலபம், காரணியைக் காண்பது கடினம் என்ற இந்த இடைவெளிதான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவர் செய்த ரகசியப் பூட்டுக்கு அடிப்படை. இணையத்தில் பல பூட்டுகள் இன்றும் அந்த வகை. கோலின் எண்ணை என் பேரனின் கைப்பேசி கண்சிமிட்டும் நேரத்தில் உடைத்துவிடுகிறது. பூட்டுக்குப் போடும் எண்கள் 600 இலக்கத்துக்கு மேல்.

பட்டியலின் மீதிக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். விட்டுப்போன 61-ஐ 1883-இல் ரஷ்யாவின் யூரல் பகுதியில் பெர்வூஷின் என்ற பாதிரியார் கண்டார். பாதிரியார் விட்டதைப் பாதிரியாரே பிடித்தார். 89-ஐ 1911-இலும் 107-ஐ 1914-இலும் கண்டவர் பவர்ஸ் என்ற அமெரிக்கர். பேராசிரியர் இல்லை, ரயில்வே கம்பெனி ஊழியர். கடைசி எண் 257 பகு எண் என்று 1920-களில் க்ராய்ச்சிக்கும் லேமரும் காட்டினார்கள். ஆக 55 பதிவில் தப்பாகச் சேர்த்தது இரண்டு, விட்டது மூன்று. ஆதாரம் இல்லாமல் எழுதிய பட்டியலுக்கு இது மோசமில்லை.

257-இலும் பழைய கதையேதான்: பகு எண் என்று தெரிந்தது, காரணி கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1980 வாக்கில், கணினிதான் பிடித்துக் கொடுத்தது. மூன்று காரணிகளில் சிறியது 535006138814359. ஃபெர்மா சொன்னபடி ஒன்றைக் கழித்து 514-ஆல் வகுத்துப் பார்த்தேன். 1040867974347, மீதி இல்லை.